இரட்டை நூல்

முதல் தடவை ஒரு பட்டன் போனது.
விளையாட்டில் போயிருக்கும் என்று
டப்பாவைக் கிளறி வேறொன்று வைத்தேன்.
வெள்ளைதான், ஆனால் இரண்டு துளை.
மற்றதற்கெல்லாம் நான்கு.

இரண்டாம் தடவை திட்டினேன்.
"தையல்காரி மகன் சட்டையா இது,
கழனிவாசலே சிரிக்காதா?"
மாதேஷ் குனிந்துகொண்டான்.

மூன்றாம் தடவை
இரட்டை நூல் கோத்து
ஏழு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன்.
இனி எவன் பிய்ப்பான் பார்க்கலாம் என்று
நூலைப் பல்லால் கடித்தபோது
'எவன்' என்று என் வாயே சொன்னது
என் காதில் விழவில்லை.

நான்காம் தடவை
பட்டன் அப்படியே இருந்தது.
துணி கிழிந்திருந்தது.

அவன் அப்பா மதுரை வண்டியில் கண்டக்டர்.
ராத்திரி பதினொன்றுக்கு வந்து
சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னார்:
"ஒரு தடவை திருப்பிக் கொடுத்துட்டு வாடா,
அப்புறம் எவனும் கிட்ட வர மாட்டான்."
சட்டைக்குள் எலும்பு தெரிகிற பிள்ளை
"சரிப்பா" என்றான்.
பத்து நாளைக்கு அவரிடம் அவன் பேசியது
அந்த ஒரு சொல்தான்.

நானும் கேட்டேன்.
எதிரே உட்காரவைத்து, தாடையைப் பிடித்து நிமிர்த்தி,
யாரு, எதுக்கு, எத்தனை நாளா, ஏன் சொல்லல.
"கீழ விழுந்துட்டேம்மா."

புதுவயல் ஆச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு
இருபத்து மூன்று ஜாக்கெட்.
ஆள் இல்லாத ஒரு ராத்திரி
ஹூக்கை எண்ணிக் கொடுக்க அவனைக் கூப்பிட்டேன்.
என் கண் ஊசியில்.
மெஷின் ஓடுகிற சத்தத்துக்குள் நின்றுகொண்டு
அவன் சொன்னான்:
"ஜாக்கெட்டுன்னு கூப்பிடுறாங்கம்மா."

கால் நிற்கப் பார்த்தது.
நிறுத்தவில்லை, மிதித்தேன்.
துணி முடிந்துபோன இடத்தில்
ஊசி வெறுமனே குத்திக்கொண்டிருந்தது.

"ஜாக்கெட்டுக்கு ஹூக்குதான வேணும்,
பட்டன் எதுக்குடாம்பாங்க."
ஆறு மாதம்.
கக்கூஸ் வாசலில் நிற்பார்கள்,
அதனால் போவதில்லை, அதனால் தண்ணீர் குடிப்பதில்லை.
பாட்டில் நிறையவே திரும்பி வரும்.
கொட்டிவிட்டுக் கழுவி வைத்தது இந்தக் கைதான்.

"ஏன்டா எங்கிட்ட" என்று தொடங்கி
விழுங்கினேன்.
அவனே சொன்னான்:
"நீ மெஷினை வித்துருவியோன்னு
பயமா இருந்துச்சு."

உன் மேல தப்பில்ல என்றேன்.
இன்னொரு தடவையும் அதையே சொன்னேன்.
வேறு எதுவும் வரவில்லை.
"நாளைக்கு நான் ஸ்கூலுக்கு வரவா?"
"கத்துவியா?"
"மாட்டேன்."
"அழுவியா?"
"தெரியல."
யோசித்தான்.
"மத்தியானம் வா. பெல் அடிச்சப்புறம்."

அளவு நோட்டின் பின்பக்கத்தில்
அவன் சொல்லச் சொல்ல எழுதினேன்.
ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள், தண்ணித் தொட்டி.
காலாண்டுக் கணக்குப் பரீட்சை அன்று, மாடிப்படி.
பார்த்தும் பார்க்காமல் போனவர்கள் பெயரும்.
நான்காம் சட்டையைத் தைக்காமல் மடித்துப் பையில் வைத்தேன்.

"பசங்கன்னா அப்படித்தாங்க" என்றார் டீச்சர்
முதல் பக்கம் வரைக்கும்.
இரண்டாம் பக்கத்தில்
நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

நோட்டை மூடும்போது முன்பக்கம் விரிந்துகொண்டது:
சோலையப்பன், எட்டாம் வகுப்பு, இரண்டு செட்.
மே மாதம் நான்தான் அளந்தேன்.
டேப் கழுத்தருகே போனதும்
வெடுக்கென்று கையை உயர்த்தி முகத்தை மறைத்தான்.
கூட வந்த அவன் அப்பா சிரித்தார்.
அதை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.
சொல்லவா வேண்டாமா என்று நின்று
சொல்லாமலே படியிறங்கிவிட்டேன்.
அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார்.

வார லீவில் இவர் வந்து
ஹூக் எண்ண உட்கார்ந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
இரண்டு தடவை வாய் திறந்து மூடியதைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம்
மாதேஷ் பையை வைத்துவிட்டு முகம் கழுவப் போனான்.
பாட்டிலை எடுத்து ஆட்டிப் பார்த்தேன்.
பாதி இருந்தது.